களையெடுக்கும் யந்திரத்தின் கார்புரேட்டரை வீட்டிலேயே சுத்தம் செய்துகொள்ளும் விதம்

(விவசாய டிமான்ஸ்டிரேட்டர் ஒருவர் எழுதியது)

பருவகாலத்தில் சில வாரம் உழைத்துவிட்டு, மற்ற மாதங்களில் கொட்டகையில் நிற்கும் சிறு பெட்ரோல் என்ஜின்கள் நம் கிராமங்களில் இப்பொழுது பெருகி வருகின்றன. களையெடுக்கும் பவர் வீடரும், வாய்க்காலிலிருந்து ஜலம் இறைக்கும் சிறு பம்பும் இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றைக் குறித்து ரயத்துகள் சொல்லும் முறையீடு பெரும்பாலும் ஒன்றே. "போன பருவத்தில் நன்றாய் ஓடிற்று, இப்பொழுது கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வலித்ததுதான் மிச்சம்" என்பதே அது. இதற்குக் காரணம் அநேக சமயங்களில் யந்திரத்தின் தேய்மானமன்று. கார்புரேட்டர் என்னும் சிறு உறுப்பில் மாதக்கணக்காய்த் தேங்கி நின்ற பழைய பெட்ரோலேயாம். இக்குற்றத்தை ஒரு காலை வேளையில் வீட்டிலேயே நிவர்த்தி செய்து கொள்ளலாம் என்பதையும், பருவ முடிவில் சில நிமிஷம் செலவிட்டால் குற்றம் உண்டாகாமலே காத்துக் கொள்ளலாம் என்பதையும் எடுத்துரைப்பதே இவ்வியாசத்தின் நோக்கம்.

ஒரு கிராமத்தில் நடந்தது

பெரம்பலூர் ஜில்லாவில் மக்காச்சோளமும் பருத்தியும் மானாவாரியாய் மிகுதியும் பயிராகின்றன. அங்கே ஒரு கிராமத்தில் பத்துப் பன்னிரண்டு விவசாயிகள் பணம் சேர்த்துப் பொதுவில் ஒரு பவர் வீடர் வாங்கியிருந்தனர். மாசி மாதத்தில் வேலை முடிந்ததும், கடைசியாய் அதை ஓட்டிய வாலிபர் ஒருவர் பெரியவர் ஒருவருடைய கொட்டகையில் கொண்டுபோய் நிறுத்தினார். புரட்டாசியில் விதைத்த மக்காச்சோளத்திற்கு ஐப்பசியில் களையெடுக்க யந்திரத்தை வெளியில் இழுத்தபோது அது எழும்பவில்லை.

"தம்பி, நீ ஓட்டிக் கெடுத்ததை அல்லவா என் கொட்டகையில் கொண்டுவந்து விட்டாய்" என்றார் பெரியவர். "பெரியப்பா, உங்கள் வாசல் வரையில் ஓடித்தானே வந்தது? அதன் பிறகு யார் கை வைத்தார்களோ, எனக்கென்ன தெரியும்?" என்றார் வாலிபர். பேச்சு வளர்ந்து, போட்ட பணத்தைப் பிரித்துக் கொள்வோம் என்னும் வரையில் வந்துவிட்டது. டவுனுக்கு அனுப்பலாமென்றால், பருவ நெருக்கடியில் ஒரு வாரத்திற்கு மேல் காத்திருக்க வேண்டுமென்று பதில் வந்தது. மக்காச்சோளத்திற்கு விதைத்த முதல் 45 நாட்கள் வரையில் களையின்றி இருத்தல் முக்கியம். அதற்குள் பிடுங்கப்படாத களை, போட்ட உரத்தையும் பெய்த மழையின் ஈரத்தையும் பயிருக்கு முன் தான் உண்டுவிடும். ஆகவே, அங்கே நஷ்டம் ஒரு யந்திரத்தைப் பற்றியது மட்டுமன்று.

வேறொரு காரியமாய் அவ்வூருக்குச் சென்றிருந்த நான், எல்லோர் முன்னிலையிலும் கார்புரேட்டரின் கிண்ணத்தைக் கழற்றிக் காட்டினேன். அதன் அடியில் தேன் நிறத்தில் ஒட்டிக்கொள்ளும் ஒரு படிவு இருந்தது. வார்னிஷ் நாற்றம் வீசிற்று. பெட்ரோல் பாயும் பித்தளைத் துவாரத்தை ஆகாயத்திற்கு நேரே பிடித்துப் பார்த்ததில் வெளிச்சம் தெரியவில்லை. பெரியவரிடமும் கொடுத்தேன், வாலிபரிடமும் கொடுத்தேன். ஓட்டியவர் யந்திரத்தைக் கெடுக்கவுமில்லை. வைத்திருந்தவர் அதைத் தொடவுமில்லை. ஏழெட்டு மாதம் சும்மா நின்றதே அதைக் கெடுத்தது. சுத்தம் செய்து பூட்டியபின் மூன்றாவது இழுப்பில் என்ஜின் எழும்பிற்று. அதற்குள் இரண்டு புலங்களில் களை முற்றி, கூலியாட்களை வைத்துப் பிடுங்கும்படி ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும்.

கார்புரேட்டர் செய்யும் வேலை

அடுப்பில் விறகு எரியக் காற்று வேண்டியிருப்பது போலவே, என்ஜினுக்குள் பெட்ரோல் எரியவும் காற்று வேண்டும். பெட்ரோலை அப்படியே ஊற்றினால் ஒழுங்காய் எரியாது. நுண்ணிய திவலைகளாக்கிக் காற்றுடன் கலந்தே உள்ளே அனுப்ப வேண்டும். அக்கலப்பிற்கும் ஒரு கணக்கு உண்டு. வேறொன்றும் கலவாத பெட்ரோல் எடையில் 1 பங்குக்குக் காற்று ஏறக்குறைய 14.7 பங்கு வேண்டும். படி அளவாகச் சொன்னால், 1 லிட்டர் பெட்ரோல் எரிவதற்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று செல்லுகிறது. இக்கலப்பைச் செய்து கொடுப்பதே கார்புரேட்டரின் வேலை. மிதவையும் பெட்ரோலைப் பீச்சும் துவாரமும் கொண்ட இவ்வமைப்பு 1893-ஆம் வருஷத்தில் ஏற்பட்டது. ஹங்கேரி தேசத்தில் பாங்கி, சோங்கா என்னும் இருவரும், ஜெர்மனியில் மேபாக் என்பவரும் அவ்வருஷத்தில் தனித்தனியே இதை வெளியிட்டனர். இன்றுவரை சிறு என்ஜின்களில் அதன் தத்துவம் மாறவில்லை.

டாங்கியிலிருந்து வரும் பெட்ரோல் முதலில் கார்புரேட்டரின் அடியிலுள்ள கிண்ணத்தில் வந்து தங்குகிறது. கிண்ணத்தினுள் ஒரு மிதவை உண்டு. வீட்டு மாடித் தொட்டியில் ஜலம் நிரம்பியதும் மிதக்கும் பந்து எழும்பிக் குழாயை அடைப்பது போல, இங்கும் பெட்ரோல் உரிய மட்டத்திற்கு வந்ததும் மிதவை எழும்பி, ஊசி போன்ற ஒரு சிறு வால்வினால் வழியை அடைக்கிறது. கிண்ணத்திற்கு மேலே காற்று செல்லும் குழாய் இருக்கிறது. அதன் நடுவில் ஓரிடம் குறுகியிருக்கும். அகன்ற வாய்க்கால் மதகில் குறுகும்போது ஜலம் வேகமெடுக்கிறதல்லவா? அதுபோலக் காற்றும் அக்குறுகிய இடத்தில் வேகமெடுக்கிறது. வேகம் மிகுந்த இடத்தில் காற்றின் அழுத்தம் குறையும். கிண்ணத்தின் மேலுள்ள காற்றின் அழுத்தமோ குறையாமலே இருக்கிறது. ஆகையால், பெட்ரோல் கிண்ணத்திலிருந்து ஒரு பித்தளைத் துவாரத்தின் வழியாய் மேலே தள்ளப்பட்டுக் காற்றில் சிதறுகிறது.

அப்பித்தளைத் துவாரத்திற்கு மெயின் ஜெட் என்று பெயர். சிறு என்ஜின்களில் அதன் வாய் 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. பாரமின்றி மெதுவாய் ஓடும்போது பெட்ரோல் கொடுக்கும் பைலட் ஜெட் என்னும் மற்றொரு துவாரம் சாதாரணமாய் அரை மில்லிமீட்டருக்கும் குறைவானது. இவ்வளவு சிறிய வழி அடைபட ஒரு மணல் துணுக்கு போதும். உலர்ந்த பெட்ரோலின் மெல்லிய படிவும் போதும்.

பெட்ரோல் கெடும் விதம்

பெட்ரோல் ஒரே பொருளன்று. விரைவில் ஆவியாகும் பகுதியும், மெதுவாய் ஆவியாகும் பகுதியும் பல கலந்த கலப்பு. கிண்ணத்தின் மேல் காற்று புகச் சிறு வழி இருப்பதால், நின்ற யந்திரத்தில் விரைவில் ஆவியாகும் பகுதி முதலில் போய்விடுகிறது. என்ஜின் எளிதில் எழும்புவதற்கு உதவும் பகுதி அதுவே. எஞ்சியது காற்றிலுள்ள பிராணவாயுவுடன் சேர்ந்து நாளடைவில் பிசினாய் மாறி, துவாரங்களின் உட்புறத்தில் பூசினாற்போல் ஒட்டிக் கொள்ளுகிறது.

இதனுடன் இக்காலத்தில் மற்றொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. கரும்பு, தானியம் முதலியவற்றிலிருந்து எடுக்கும் எத்தனால் என்னும் சாராயம் நம் தேசத்தில் பெட்ரோலுடன் கலந்து விற்கப்படுகிறது. 2022-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் இக்கலப்பு தேசமெங்கும் சராசரி நூற்றுக்கு 10 பங்கை எட்டியது. 2023 பிப்ரவரி முதல் நூற்றுக்கு 20 பங்கு கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 2025-இல் 20 பங்கு என்னும் அளவு எட்டப்பட்டது. கரும்பும் மக்காச்சோளமும் பயிரிடும் ரயத்துகளுக்கு இக்கலப்பினால் லாபம் உண்டென்பது வேறு விஷயம். யந்திரம் வைத்திருப்போர் கவனிக்க வேண்டியது யாதெனில், எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் சுபாவமுடையது. ஈரம் அளவுக்கு மிஞ்சினால் ஜலமும் எத்தனாலும் ஒன்று சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கும். கார்புரேட்டரோ அடியிலிருந்தே உறிஞ்சுகிறது. அவ்வாறு தங்கிய ஜலத்தினால் உலோகம் அரிக்கப்பட்டு வெண்ணிறப் பொடியும் உண்டாகும். பழைய யந்திரங்களில் சில ரப்பர் உறுப்புகள் எத்தனாலினால் உப்பி இளகிப் போவதும் உண்டு.

குற்றம் கார்புரேட்டரில்தானா என்று அறிதல்

யந்திரம் எழும்பவில்லை என்றவுடன் கார்புரேட்டரைக் கழற்றுதல் தவறு. அடியிற் கண்டவற்றை முறையே பார்த்தல் வேண்டும்.

1. டாங்கியில் பெட்ரோல் இருக்கிறதா, அதன் காக் திறந்திருக்கிறதா, என்ஜின் சுவிட்சு சரியான நிலையில் இருக்கிறதா என்று பார்க்கவும்.

2. என்ஜின் எண்ணெயின் மட்டத்தைப் பார்க்கவும். சில என்ஜின்களில் எண்ணெய் குறைந்தால் நெருப்புப் பொறி வராதபடி தடுக்கும் ஏற்பாடு உண்டு.

3. டாங்கி மூடியிலுள்ள காற்றுத் துவாரம் தூசியால் அடைபட்டிருந்தால் பெட்ரோல் இறங்காது. அதைத் துடைத்துச் சுத்தம் செய்யவும்.

4. காற்று வடிகட்டியைக் கழற்றிப் பார்க்கவும். அது ஸ்பஞ்சாய் இருந்தால் சோப்பு ஜலத்தில் அலசி நன்றாய் உலர்த்தி, சில துளி எண்ணெய் விட்டுப் பிழிந்து போடலாம். காகிதத்தாலானதை ஜலத்தில் நனைக்கலாகாது. மெதுவாய்த் தட்டித் தூசியை உதிர்க்க வேண்டும்.

5. சோக்கை மூடி ஐந்தாறு தடவை கயிற்றை இழுத்தபின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கவும். அதன் முனை பெட்ரோலால் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, குற்றம் பொறியில் இருக்கலாம் என்று கொள்ள வேண்டும். உலர்ந்திருந்தால் பெட்ரோல் உள்ளே போய்ச் சேரவில்லை.

6. உலர்ந்திருக்குமாயின், கிண்ணத்தின் அடியிலுள்ள வடிகால் திருகைச் சிறிது தளர்த்தி, வருவதை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடிக்கவும். தாராளமாய் வந்தால் டாங்கி, காக், ஊசி வால்வு ஆகியவை சரி. அடைப்பு ஜெட்டில் இருக்கிறது. வரவேயில்லையென்றால் அடைப்பு கிண்ணத்திற்கு மேலே இருக்கிறது.

சோக் மூடியிருக்கும்போது மாத்திரம் ஓடி, திறந்தவுடன் நின்று போவதும், ஒரே சீராய் ஓடாமல் வேகம் ஏறி ஏறி இறங்குவதும் ஜெட் பாதி அடைபட்டதற்கு அடையாளம். கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் ஒழுகுமாயின் ஊசி வால்வு சரியாய் மூடவில்லை என்று அறியலாம். அப்படி ஒழுகிய யந்திரத்தில் என்ஜின் எண்ணெயையும் பார்க்க வேண்டும். எண்ணெயின் மட்டம் ஏறிப் பெட்ரோல் நாற்றம் வீசினால், அந்த எண்ணெயை மாற்றாமல் என்ஜினை ஓட்டலாகாது.

வேண்டிய சாமான்கள்

ஸ்பானர்கள் (10 மில்லிமீட்டர் அளவு பெரும்பாலும் வேண்டியிருக்கும்), பட்டையும் நட்சத்திரமுமான இரண்டு திருப்புளிகள், குறடு, வெள்ளைத் துணி, ஒரு பீங்கான் தட்டு, கண்ணாடிக் குப்பி, சைக்கிள் பம்பு, மோட்டார் சாமான் கடைகளில் விற்கும் கார்புரேட்டர் கிளீனர் என்னும் பீச்சு திரவம் ஒரு டின் ஆகிய இவை போதும். துவாரத்தைக் குத்துவதற்குப் பல இழைகள் கொண்ட மின்சார ஒயரிலிருந்து ஓர் இழை செம்புக் கம்பியை எடுத்துக் கொள்ளவும். அது சுமார் 0.2 மில்லிமீட்டர் கனமே இருக்கும். ஊக்கு, தையல் ஊசி, துரப்பண முனை இவற்றால் ஜெட்டைக் குத்துதல் கூடவே கூடாது. எஃகு பித்தளையைவிடக் கடினமானது. துவாரம் சிறிது அகன்றாலும் பெட்ரோல் அதிகம் பாய்ந்து, கரும்புகை வந்து, செலவு மிகும். அதற்குப் பின் புது ஜெட் வாங்குவதைத் தவிர வழியில்லை.

எச்சரிக்கை

பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து சென்று, எட்டியுள்ள அடுப்பிலும் பற்றிக் கொள்ளும். ஆகையால், இவ்வேலையை வீட்டினுள்ளும் மாட்டுக் கொட்டகையிலும் வைக்கோற்போர் அருகிலும் செய்யலாகாது. வெளியில் மர நிழலில், காற்றோட்டமான இடத்தில், என்ஜின் நன்றாய் ஆறிய பின் செய்ய வேண்டும். பீடி, சுருட்டு, விளக்கு அருகில் வரக்கூடாது. ஒரு வாளி மணல் பக்கத்தில் இருக்கட்டும். ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டே தொடங்க வேண்டும். பெட்ரோலை வாயால் உறிஞ்சுவதும், ஜெட்டை வாயில் வைத்து ஊதுவதும் அபாயம். பீச்சு திரவம் துவாரத்தின் வழியே திரும்பிக் கண்ணில் தெறிக்குமாதலால் கண்ணுக்குக் கண்ணாடி அணிந்து கொள்ளவும். குழந்தைகளை அருகில் விடலாகாது.

செய்முறை

1. காக்கை மூடுக. டாங்கியிலுள்ள பெட்ரோல் ஒரு மாதத்திற்கு மேற்பட்டதாயின் அதையும் முழுவதும் இறக்கி விடுக. கிண்ணத்திலிருந்து வடித்ததைக் குப்பியில் சிறிது நேரம் நிறுத்திப் பார்க்கவும். அடியில் வேறொரு படலம் பிரிந்து நின்றால் ஜலம் சேர்ந்திருக்கிறது. நிறம் கறுத்து வார்னிஷ் நாற்றம் வீசினால் பெட்ரோல் கெட்டிருக்கிறது.

2. கழற்றுமுன் கார்புரேட்டரை நான்கு பக்கமும் கைபேசியில் படம் பிடித்துக் கொள்ளுதல் மிகவும் உபயோகமானது. முக்கியமாய், வேகத்தை அடக்கும் கவர்னரின் கம்பியும் சுருளும் எந்த எந்தத் துவாரத்தில் மாட்டியிருக்கின்றன என்பது படத்தில் தெரிய வேண்டும். அவை இடம் மாறினால் என்ஜின் அளவுக்கு மீறிய வேகத்தில் ஓடி உடைந்து போகக் கூடும்.

3. வெளிப்புறத்திலுள்ள மண்ணையும் எண்ணெய்ப் பிசுக்கையும் முதலில் துடைக்கவும். பிறகு கிண்ணத்தின் அடியிலுள்ள போல்ட்டைக் கழற்றிக் கிண்ணத்தை நேராய்க் கீழே இறக்கவும். அதன் விளிம்பிலுள்ள ரப்பர் வளையம் அறுந்து போகாமல் பார்த்துக் கொள்ளவும். அநேக சமயங்களில் கார்புரேட்டரை என்ஜினிலிருந்து பிரிக்காமலே கிண்ணத்தையும் மெயின் ஜெட்டையும் சுத்தம் செய்துவிடலாம். அதில் குணம் காணாவிடில், காற்று வடிகட்டியின் கூட்டை எடுத்து, இரண்டு நட்டுகளைத் தளர்த்திக் கார்புரேட்டரைத் தனியே எடுக்கவும்.

4. மிதவையைத் தாங்கும் சிறு ஆணியைக் குறட்டினால் மெதுவாய் இழுத்தால், மிதவையும் ஊசியும் சேர்ந்து வரும். மிதவையைக் காதருகில் ஆட்டிப் பார்க்கவும். உள்ளே பெட்ரோல் குலுங்கினால் ஓட்டை விழுந்திருக்கிறது, மாற்ற வேண்டும். ஊசியின் கூரிய முனையில் வளையம் போல் தேய்ந்த வடு இருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

5. நடுத்தண்டின் அடியிலுள்ள மெயின் ஜெட்டை, அதன் பிளவுக்குச் சரியாய்ப் பொருந்தும் பட்டைத் திருப்புளியால் கழற்றவும். பொருந்தாத திருப்புளியால் பித்தளையின் பிளவு சிதைந்துவிடும். ஜெட்டுக்கு மேலே, பக்கங்களில் சிறு துவாரங்கள் உள்ள ஒரு பித்தளைக் குழல் இருக்கும். தலைகீழாய்த் தட்டினால் அது விழும். சில என்ஜின்களில் கிண்ணத்தின் போல்ட்டே ஜெட்டாகவும் அமைந்திருக்கும். அதன் பக்கவாட்டிலும் நடுவிலும் துவாரங்கள் இருப்பதைக் காணலாம்.

6. பைலட் ஜெட் கார்புரேட்டரின் மேற்பக்கத்தில் இருக்கும். கலப்பைச் சரிப்படுத்தும் திருகு தனியாய் இருந்தால், அதைக் கழற்றுமுன் மெதுவாய் உள்ளே திருகி, எத்தனை சுற்றில் தட்டுகிறது என்பதை எழுதி வைத்துக் கொள்ளவும். திரும்பப் பூட்டும்போது அதே கணக்கில் வெளியே எடுக்க வேண்டும். இத்திருகு தொப்பி போட்டு மூடப்பட்டிருந்தால் அதைத் தொடாமல் விடுவதே உத்தமம்.

7. கழற்றிய உறுப்புகளைப் பீங்கான் தட்டில் வரிசையாய் வைக்கவும். ரப்பர் வளையம், மிதவை, ரப்பர் முனையுள்ள ஊசி ஆகியவற்றைத் துணியால் மாத்திரம் துடைக்கவும். அவற்றின் மேல் பீச்சு திரவம் படலாகாது. பித்தளை உறுப்புகளிலும் கார்புரேட்டரின் உடலிலும் திரவத்தைப் பீச்சிச் சிறிது நேரம் ஊறவிட்டுத் துடைக்கவும். ஒவ்வொரு வழியிலும் பீச்சிய திரவம் மறுபக்கம் தாராளமாய் வெளிவர வேண்டும்; வராத வழியே அடைபட்ட வழி.

8. ஜெட்டின் துவாரத்தில் செம்பு இழையை நுழைத்து மெதுவாய் முன்னும் பின்னும் இழுத்து, மறுபடியும் திரவம் பீச்சி, சைக்கிள் பம்பினால் காற்றடிக்கவும். பிறகு ஆகாயத்திற்கு நேரே பிடித்துப் பார்க்கவும். வட்டமாய், விளிம்பு தெளிவாய் வெளிச்சம் தெரிய வேண்டும். பிறை போலத் தெரிந்தால் இன்னும் படிவு இருக்கிறது. இச்சோதனையில் தேறாத ஜெட்டைப் பூட்டுதல் வீண்.

9. கழற்றிய முறைக்கு எதிர்முறையாகப் பூட்டவும். கார்புரேட்டரைத் தலைகீழாய்ப் பிடித்தால், மிதவை பெரும்பாலான சிறு என்ஜின்களில் உடலின் விளிம்புக்குச் சமமாய் நிற்கும். சரியான அளவு யந்திரத்துடன் வந்த புஸ்தகத்தில் இருக்கும். பித்தளைத் திருகுகளை இரு விரலின் பலத்தாலேயே இறுக்க வேண்டும். பலமாய்த் திருகினால் மறை அழிந்துவிடும்.

10. புதுப் பெட்ரோல் ஊற்றிக் காக்கைத் திறந்து, ஐந்து நிமிஷம் ஒழுகுகிறதா என்று பார்க்கவும். ஒழுகாவிடில் சிந்தியதைத் துடைத்து, ஆவி கலைந்தபின் ஸ்பார்க் பிளக்கின் தொப்பியை மாட்டி, சோக்கை மூடிக் கயிற்றை இழுக்கவும். கிண்ணம் நிரம்பி வரச் சில இழுப்புகள் ஆகலாம்.

வடித்த பழைய பெட்ரோலைக் கிணற்றங்கரையிலோ வாய்க்காலிலோ கொட்டலாகாது. அடுப்புப் பற்றவைக்க உபயோகிப்பது உயிருக்கே ஆபத்து. அதை மூடியுள்ள தகர டின்னில் அடைத்துப் பழுதுபார்க்கும் பட்டறையில் சேர்த்து விடவும்.

மேற்கூறியவாறு செய்தும் குணம் காணாவிட்டாலும், கிண்ணமோ உடலோ அரித்துத் துளை விழுந்திருந்தாலும், ஜெட் அசையாமல் இறுகியிருந்தாலும், தேர்ந்த மெக்கானிக்கிடம் கொடுப்பதே சிக்கனம். பலவந்தம் செய்து உடைத்துவிட்டுப் பிறகு கொண்டுபோவதில் பிரயோஜனமில்லை.

இம்முறை பொருந்தாத என்ஜின்கள்

டீசலில் ஓடும் பவர் டில்லர், பம்பு முதலியவற்றில் கார்புரேட்டரே கிடையாது. அவற்றின் குற்றத்தை வேறிடத்தில் தேட வேண்டும். பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்றித் தோளில் மாட்டிக்கொண்டு ஓட்டும் புல் வெட்டும் யந்திரங்கள் பலவற்றில் கார்புரேட்டர் இருந்தாலும் கிண்ணமும் மிதவையும் இரா. அவற்றுக்குப் பதிலாய் மெல்லிய சவ்வு போன்ற தகடு இருக்கும். அதனுள் காற்றடித்தாலும் திரவம் பீச்சினாலும் சவ்வு கெட்டுப் போகுமாதலால், இங்கே சொன்ன முறை அதற்குப் பொருந்தாது. பருவ முடிவில் பெட்ரோலை வடித்துவிட வேண்டும் என்னும் விதி மாத்திரம் அதற்கும் பொதுவானது.

பருவ முடிவில் செய்ய வேண்டியது

இதுவரை சொன்னது வந்த நோய்க்கு மருந்து; இனிச் சொல்வது நோய் வராமல் காக்கும் வழி. யந்திரம் ஒரு மாதத்திற்கு மேல் நிற்கப் போகிறது என்று தெரிந்தால், கடைசி நாள் வேலை முடிந்ததும் டாங்கியின் காக்கை மூடிவிட்டு, என்ஜின் தானாக நிற்கும் வரையில் ஓடவிடவும். அதனால் கிண்ணத்திலுள்ள பெட்ரோலில் பெரும்பகுதி செலவாகிவிடும். ஆயினும், ஜெட்டின் வாய் கிண்ணத்தின் அடியைத் தொடாமல் சற்று மேலே இருப்பதால், கடைசிச் சில துளிகள் தங்கிவிடும். கெடுதல் செய்வது அச்சில துளிகளே. ஆகையால், என்ஜின் ஆறியபின் வடிகால் திருகைத் தளர்த்தி அவற்றையும் இறக்கித் திருகை மீண்டும் இறுக்க வேண்டும். டாங்கியையும் காலி செய்து விடுதல் நலம். இறக்கிய பெட்ரோல் புதிதாயிருந்தால் அதை உடனே மோட்டார் சைக்கிளில் ஊற்றிச் செலவழித்து விடலாம். எண்ணெய் கலந்த பெட்ரோலை அவ்வாறு ஊற்றலாகாது.

பருவ காலத்திலும் இரண்டு வாரத்திற்கு வேண்டிய பெட்ரோலை மாத்திரம் வாங்கி வைத்துக் கொள்ளவும். கேனின் மேல் வாங்கிய தேதியை எழுதி, இறுக மூடி, வெயில் படாத இடத்தில் வைக்கவும். ஊற்றும்போது மெல்லிய சல்லடையுள்ள புனல் வழியே ஊற்றவும்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் குழுக்களுக்கும்

பொதுவில் வாங்கிய யந்திரமும் வாடகைக்கு விடும் யந்திரமும் பலர் கையில் புழங்குவன. அவற்றில் குற்றம் கண்டால், கடைசியாய்த் தொட்டவர் மேல் பழி விழுவது வழக்கம். அப்பழி அநேகமாய் நியாயமன்று என்பதை மேலே சொன்ன சம்பவத்தில் கண்டோம். ஆகையால், ஒவ்வொரு பொது யந்திரத்திற்கும் ஒரு சிறு பதிவுப் புஸ்தகம் வைக்கச் செய்வது பஞ்சாயத்துத் தலைவர்களும் குழுத் தலைவர்களும் செய்யக்கூடிய நல்ல உதவி. எடுத்துச் சென்ற தேதி, திருப்பிய தேதி, ஓடிய மணி, ஊற்றிய எண்ணெய், பருவ முடிவில் கிண்ணத்தை வடித்த தேதி, வடித்தவர் கையெழுத்து, அதைப் பார்த்து ஒப்புக் கொண்டவர் கையெழுத்து ஆகிய கலங்கள் அதில் இருக்கட்டும்.

அப்பெரம்பலூர் ஜில்லாக் கிராமத்தில் இம்முறையை ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த மாசியில் நான் அவ்வழியே சென்றபோது, வாலிபர் வடிகால் திருகைத் தளர்த்திப் பிடிக்க, பெரியவர் குப்பியை அடியில் ஏந்திக் கொண்டிருந்தார். புஸ்தகத்தில் இருவர் கையெழுத்தும் இருந்தன. ஐப்பசியில் யந்திரம் இரண்டாவது இழுப்பில் எழும்பிற்றென்றும், விதைத்த 22-ஆம் நாளில் முதல் களை முடிந்ததென்றும் பிறகு தெரிய வந்தது.

இவ்வருஷத்து வேலை முடிந்து யந்திரத்தைக் கொட்டகைக்குள் தள்ளுமுன், ரயத்துகள் ஒவ்வொருவரும் அந்தச் சிறு திருகை ஒரு தடவை தளர்த்திப் பார்க்கும்படி கேட்டுக் கொள்ளுகிறேன்.